அசையாத உடம்புக்குள் இருக்கிறவர்

உயிரியல் உளவியல் எண்டதும் எங்களுக்கு ஞாபகம் வருவது மூளைப் படமும் அதில் கோடு போட்டு எழுதின பெயர்களும்தான். மனம், உடம்பு பற்றிய பழைய கேள்வியொன்றுக்கு விடை வந்ததோ ஒரு வேட்டை நஞ்சிலிருந்து.

தென் அமெரிக்காவின் கயானாக் காடுகளில் மக்கூசி மக்கள் கொடியொன்றின் பட்டையைக் காய்ச்சி எடுத்துவந்தது கியூராரே. நஞ்சு தடவின அம்பு பட்ட மிருகம் கொஞ்ச நேரத்தில் சுருண்டு விழும், மூச்சும் நிண்டுவிடும். அந்த இறைச்சியைச் சாப்பிடுகிறவருக்கு ஒண்டும் நடக்காது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெஞ்சு உடலியலாளர் குளோட் பேர்னார்ட் இதைத் தவளைகளில் சோதித்தார். ஒரு பின்னங்காலுக்கு மட்டும் இரத்தம் போகாமல் கட்டினார். அதன் நரம்பைத் தொடவில்லை. பிறகு நஞ்சைக் கொடுத்தார். தவளை செத்த மாதிரிக் கிடந்தது. ஆனால் நஞ்சு ஏறின பக்கத்தைக் கிள்ளினால், கட்டின கால் உதறியது! கிள்ளின செய்தி உள்ளே போயிருக்கிறது. நஞ்சு ஏறின தசைக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்தால் அதுவும் சுருங்கியது. அப்ப பழுதானது நரம்பும் தசையும் சந்திக்கிற இடம் மட்டும்தான். நரம்பு நுனி அசெற்றைல்கோலினை விடுகிறது, கியூராரே தசையின் வாங்கியை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்ற விளக்கம் வர 20ஆம் நூற்றாண்டாகிவிட்டது. நாகபாம்பின் நஞ்சு பிடிப்பதும் அதே வாங்கியைத்தான்.

அந்தத் தவளையின் கால் சொன்னதை வைத்தியர்கள் மறந்துபோனார்கள் எண்டுதான் நாங்கள் நினைக்கிறம். 1942இல் மொன்றியலில் ஹரோல்ட் கிரிபித் சத்திரசிகிச்சையில் தசையைத் தளர்த்த கியூராரேயைப் பாவித்தார், மயக்கமருந்தோடு சேர்த்து. பிறகு சிலர், கியூராரேயே மயக்கமருந்துதானே எண்டு எண்ணத் தொடங்கினார்கள். நோயாளி அசையவில்லை, கத்தவில்லை, அப்ப நோவில்லை. உளவியலிலும் அதே காற்றுத்தான் வீசியது: ஜோன் வாட்சனின் நடத்தைவாதம், சிந்தனை என்பதே தொண்டைத் தசைகளின் மெல்லிய அசைவு எண்டு சொன்னது. அது சரியெண்டால் தசை நிண்டதும் மனமும் நிற்கவேண்டும்.

1940களில் அமெரிக்காவின் யூட்டாவில் ஸ்கொட் சிமித் என்ற மயக்கமருந்து வைத்தியர் கியூராரேயிலிருந்து பிரித்த மருந்தைத் தனக்கே ஏற்றச் சொன்னார். கொஞ்சமில்லை, மூச்சுத் தசைகளும் முழுதாக நிற்கிற அளவையும் தாண்டி. மற்றவர்கள்தான் அவருக்கு மூச்சுக் கொடுத்தார்கள். கேட்ட கேள்விகளுக்குப் புருவத்தை அசைத்துப் பதில் சொன்னார். பிறகு அதுவும் நிண்டது. மருந்து இறங்கினதும், அந்த நேரம் அறையில் நடந்ததையெல்லாம் ஒழுங்காகச் சொன்னார். நோவும் தெரிந்திருக்கிறது. விழுங்க முடியாத எச்சில் தொண்டையில் அடைத்த பயமும் தெரிந்திருக்கிறது.

நாகபாம்பு கடித்து, இமை விழுந்து, இயந்திரத்தில் மூச்சு விடுகிறவரும் இதே நிலையில் கிடக்கலாம். கட்டிலைச் சுத்தி நிண்டு, இனிச் சரிவராது எண்டு எங்கடை ஆக்கள் கதைக்கிறது அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.