ஆட்சேபணையை விவரிக்கும் அதிகாரம்: டென்வர் நகர்மன்றத் தீர்மானம் ஒன்றின் மறுவாசிப்பு

அமெரிக்க நகர்மன்றங்களில் எந்தப் பொருளுக்குப் பொது விசாரணை கட்டாயம், எதை அன்றாட அலுவலாக ஒரே வாக்கெடுப்பில் முடித்துக்கொள்ளலாம் என்ற கேள்விக்கு ஆய்வுலகம் எப்போதோ விடை சொல்லி ஓய்ந்துவிட்டது. சிலரைத் தனித்தனியே பாதிக்கும் முடிவுக்கு விசாரணை வேண்டும். எல்லாரையும் ஒருசேரப் பாதிக்கும் முடிவுக்கு அது வேண்டாம்; அடுத்த தேர்தலில் வாக்காளர் பார்த்துக்கொள்வார்கள். இந்த விடை கொலராடோவிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற இரண்டு வழக்குகளின் மேல் நிற்கிறது: 1908இல் தீர்ப்பான 'லண்டனர் எதிர் டென்வர்', 1915இல் தீர்ப்பான 'பை-மெட்டாலிக் முதலீட்டு நிறுவனம் எதிர் மாநிலச் சமனாக்க வாரியம்'. இரண்டையும் இணைத்தே வாசிப்பது மரபாகிவிட்டது. பின்னதன் வெளிச்சத்தில்தான் முன்னது வாசிக்கப்படுகிறது.

இக்கட்டுரை அந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. லண்டனர் வழக்கை அதற்கு ஏழாண்டுகள் பின்னர் எழுதப்பட்ட சுருக்கத்திலிருந்து விடுவித்து, அவ்வழக்குக்குக் காரணமான நகர்மன்றத் தீர்மானத்திலிருந்து தொடங்கி வாசித்தால், பாதிக்கப்பட்டோரின் எண்ணிக்கை பற்றிய பேச்சுக்கு அங்கே இடம் குறைவு என்பது தெரியவரும். குடிமக்களின் ஆட்சேபணை எதைப் பற்றியது என்பதை, அவர்களைக் கேட்காமலே, நகர்மன்றம் தானே எழுதிக்கொண்டது. விசாரணை மறுக்கப்பட்டது அந்த எழுத்தில்தான் என்பது என் வாதம்.

தீர்மானம்

டென்வரின் எட்டாம் நிழற்சாலைக்குத் தளம் போடப்பட்டது. அதன் செலவை, பயன்பெறும் மனைகளின் மீது வரியாகப் பங்கிட வேண்டும். நகரச் சாசனம் இதற்கு ஒரு நடைமுறையை வகுத்திருந்தது. பொதுப்பணி வாரியம் மொத்தச் செலவையும் ஒவ்வொரு மனையின் பங்கையும் கணக்கிட்டுத் தரும். நகர எழுத்தர் அதைச் செய்தித்தாளில் பத்து நாள் விளம்பரப்படுத்துவார். முதல் விளம்பரத்திலிருந்து 30 நாட்களுக்குள் எழுத்தில் தரப்படும் புகார்களும் ஆட்சேபணைகளும், வரிவிதிப்புச் சட்டம் நிறைவேறும் முன் நகர்மன்றத்தால் கேட்டு முடிவு செய்யப்படும் என்று அந்த விளம்பரமே உறுதி கூறும். கெடு முடிந்தபின் நகர்மன்றம் சமனாக்க வாரியமாக அமர்ந்து அவற்றைப் பரிசீலிக்கும்.

மனை உரிமையாளர்கள் உரிய காலத்தில் ஆட்சேபணை தந்தார்கள். நகர்மன்றம் சமனாக்க வாரியமாக அமர்ந்தது. எப்போது கேட்கப்போகிறோம் என்று ஆட்சேபித்தவர்களுக்கு அறிவிப்பு எதுவும் போகவில்லை. அமர்ந்த மன்றம் ஒரு தீர்மானம் இயற்றியது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எடுத்துக்காட்டும் அந்தத் தீர்மானத்தின் சாரம் இரண்டு கூற்றுகளில் அடங்கும். பொதுப்பணி வாரியத்தின் பங்கீட்டை எதிர்த்து எந்தப் புகாரும் ஆட்சேபணையும் தாக்கலாகவில்லை என்பது முதல் கூற்று. தாக்கலானவை, வரி விதிக்க நகருக்குள்ள உரிமையையே முற்றாக மறுப்பவை என்பது இரண்டாம் கூற்று. இவ்வளவும் சொல்லிவிட்டுப் பங்கீட்டை அப்படியே உறுதிசெய்தது மன்றம். பிறகு வரிவிதிப்புச் சட்டமும் நிறைவேறியது.

வழக்கமான வாசிப்பு இத்தீர்மானத்தைக் கடந்து போய்விடுகிறது. சட்டப் பாடநூல்களுக்கு வேண்டியது தீர்ப்பின் முடிவு மட்டுமே: எழுத்தில் ஆட்சேபிக்க வாய்ப்புத் தந்தது போதாது, விசாரணைக்கு உரியவருக்கு, எவ்வளவு சுருக்கமாக இருந்தாலும், வாதத்தால் தம் கூற்றை நிலைநாட்டவும், தேவையெனில், எவ்வளவு எளிய முறையிலேனும், சான்று காட்டவும் உரிமை உண்டு. நீதியரசர் மூடி எழுதிய இந்த வரையறை சரியானதே. ஆனால் எழுத்து ஏன் போதவில்லை? வாய்ச்சொல்லுக்கு எழுத்தைவிட என்ன கூடுதல் மதிப்பு? தீர்ப்பு இதற்கு நேரடியாக விளக்கம் தரவில்லை. தீர்மானத்தை அருகில் வைத்தால் விளக்கம் தானே கிடைக்கிறது.

எழுதித் தந்த ஆட்சேபணை தந்தவர் கையைவிட்டுப் போய்விடுகிறது. அது என்ன சொல்கிறது என்று அறுதியிடும் வேலை பெற்றவரிடம் சேர்கிறது. டென்வர் மன்றம் செய்தது அதைத்தான். ஆட்சேபணை எதுவுமில்லை என்ற முதல் கூற்றையும், ஆட்சேபணைகள் உள்ளன என்ற இரண்டாம் கூற்றையும் ஒரே தீர்மானத்தில் வைக்க அதனால் முடிந்தது. காரணம், வந்தவற்றை வேறொரு வகையில் சேர்க்கும் அதிகாரம் அதன் கையில் இருந்தது. 'நகருக்கு அதிகாரமில்லை' என்று ஒருவர் எழுதினால் 'என் பங்கு சரி' என்று அவர் ஒப்புக்கொண்டதாகிவிடாது. முழுமையை மறுப்பவர் பகுதியையும் மறுக்கிறார். இதைச் சொல்ல அவருக்கு வேண்டியிருந்தது சில நிமிடங்கள். அந்த நிமிடங்கள் கிடைத்திருந்தால், தீர்மானத்தின் முதல் கூற்றை எந்த மன்ற உறுப்பினராலும் கூச்சமின்றி முன்மொழிந்திருக்க முடியாது. சுருக்கமான வாதமும் எளிய சான்றும் என்ற குறைந்தபட்ச அளவுகோல் இந்தச் சூழலுக்கு மிகப் பொருந்துகிறது. நீதிமன்றம் கேட்டது முழு வழக்கு விசாரணையன்று. தம் ஆட்சேபணை திரிக்கப்படும்போது அதைத் திருத்தும் வாய்ப்பு உரியவருக்கு இருக்க வேண்டும் என்பதே அதன் கோரிக்கை.

அதே மக்கள், இரண்டு விடைகள்

எண்ணிக்கை வாசிப்பை ஐயுறுவதற்கு இன்னும் வலுவான சான்று அதே தீர்ப்பில் உள்ளது. அதற்குக் கிடைத்திருக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை. மனை உரிமையாளர்கள் இரண்டு கட்டங்களைத் தாக்கினார்கள். முதல் கட்டம், தளம் போடலாம் என்று மன்றம் சட்டம் இயற்றியது. அதற்கு அடிப்படையான உரிமையாளர் விண்ணப்பம் போதுமானது என்று விசாரணையின்றியே மன்றம் முடிவு செய்திருந்தது. இரண்டாம் கட்டம், செலவைப் பங்கிட்டது. உச்ச நீதிமன்றம் முதல் கட்டத்தில் குறை காணவில்லை. வரி பின்னர் விதிக்கப்படலாம், விதிக்கப்படாமலும் போகலாம். எனவே வரிவிதிப்பின்போது கேட்டால் போதும், அதுவரை நடந்தவற்றை விசாரணையின்றிச் செய்யலாம் என்றது.

இரு கட்டங்களும் தொட்டது ஒரே தெருவை, ஒரே மனைகளை, ஒரே உரிமையாளர்களை. ஆள் எண்ணிக்கை துளியும் மாறவில்லை. ஒன்றுக்கு விசாரணை வேண்டாம், மற்றதற்கு வேண்டும் என்று விடை மட்டும் மாறியது. சிலரா பலரா என்ற கேள்வி இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. முதல் கட்டத்தில் எந்தத் தனி மனிதரின் கூற்றுக்கும் மன்றம் விடைசொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் கட்டத்தில், பெயர் குறித்துத் தரப்பட்ட ஆட்சேபணைகளுக்கு அது விடைசொல்லியாக வேண்டும். வரி எவர்மேல், எவ்வளவு என்பதை மாநிலச் சட்டமன்றம் தானே நிர்ணயிக்காமல் கீழ்நிலை அமைப்பிடம் ஒப்படைக்கும்போதுதான் கேட்கும் கடமை பிறக்கிறது என்று தீர்ப்பு வலியுறுத்துவதும் இதனோடு ஒத்துப்போகிறது.

ஹோம்ஸின் சுருக்கம்

எண்ணிக்கை எங்கிருந்து நுழைந்தது? 1915இல், நீதியரசர் ஹோம்ஸின் பேனாவிலிருந்து. டென்வரின் வரிக்குரிய சொத்துகள் அனைத்தின் மதிப்பீட்டையும் 40 விழுக்காடு உயர்த்திய மாநிலச் சமனாக்க வாரியத்தின் ஆணையை எதிர்த்து வந்ததே பை-மெட்டாலிக் வழக்கு. உரிமையாளர்களைக் கேட்கவில்லை என்பது குறை. ஹோம்ஸ் அதைத் தள்ளினார். ஒரு விதி சிலருக்கு மேற்பட்டோரைத் தொடும்போது ஒவ்வொருவரும் நேரே பேசுவது நடைமுறையில் இயலாது. பொதுச் செயல்கள் யாவும் ஊர்க்கூட்டத்தில் நடக்க வேண்டுமென்று அரசியலமைப்பு கேட்கவில்லை. மக்களின் உரிமைக்குக் காவல், விதி செய்வோர்மீது அவர்களுக்குள்ள அதிகாரமே என்றார். லண்டனர் வழக்கு குறுக்கே நின்றது. அதில் தொடர்புடையோர் ஒப்பீட்டளவில் சிலரே, அவர்கள் தனிக் காரணங்களால் விதிவிலக்காகப் பாதிக்கப்பட்டவர்கள் என்று சொல்லி அதைக் கடந்தார்.

இந்தச் சுருக்கத்தை எழுதியவர் யார் என்பதை மறக்கக் கூடாது. 1908இல் தலைமை நீதியரசர் ஃபுல்லரோடு சேர்ந்து மாறுபட்டவர் ஹோம்ஸ். மாறுபட்டதற்குக் காரணம் எதையும் அவர் எழுதவில்லை. தாம் ஏற்காத தீர்ப்பை ஏழாண்டுகள் கழித்து ஓரிரு வாக்கியங்களில் தொகுக்கிறார். அந்தத் தொகுப்பு நேர்மையற்றது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எதிரணியில் நின்றவரின் சுருக்கத்தை மூலத்தின் விதியாக ஏற்கும் எவருக்கும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அந்த எச்சரிக்கை ஒரு நூற்றாண்டாகக் காணப்படவில்லை.

அந்தச் சுருக்கத்துக்குள்ளேயே எண்ணிக்கை தனித்து நிற்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. பை-மெட்டாலிக் வழக்கில் எல்லாரும் சமமாகத் தொடர்புடையவர்கள். மாவட்டம் முழுதும் மதிப்பீடு குறைவு என்ற பொதுவான கருத்தே ஆணையின் அடிப்படை. எவருடைய தனிக் கூற்றையும் வாரியம் வகைப்படுத்தவில்லை, எவர் சார்பிலும் 'அவர் ஆட்சேபிக்கவில்லை' என்று எழுதிக்கொள்ளவில்லை. ஆகவே என் வாசிப்பில் இரு தீர்ப்புகளும் முரண்படவில்லை. பிரிவுக்கோடு மட்டும் இடம்மாறுகிறது.

எதிர்வாதங்கள்

நீதிமன்றம் அத்தீர்மானத்தைத் தன் முடிவின் காரணமாக வெளிப்படையாகக் கூறவில்லை என்று சொல்லலாம். உண்மை. தொடக்கம் முதல் இறுதிவரை ஆட்சேபணைகளைத் தாக்கல் செய்ய மட்டுமே அனுமதி இருந்தது, அவற்றின்மீது பேச வாய்ப்பில்லை என்பதே அதன் உண்மை நிர்ணயம். ஆனால் வாய்ப்பில்லை என்பதை நிறுவ மன்றக் கூட்டம் நடந்த விதத்தைச் சொன்னால் போதும்; தீர்மானம் ஆட்சேபணைகளை எப்படி வருணித்தது என்று எடுத்துக்காட்டத் தேவையில்லை. நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. அதற்கு ஒரு வேலை இருந்திருக்க வேண்டும்.

மன்றத்தின் வருணனை சரியாகவே இருந்திருக்கலாம் என்ற வாதம் நெடுநேரம் நிறுத்தத் தக்கதன்று. சரியா தவறா என்று தெரிந்துகொள்ளத்தான் விசாரணை.

அன்றாட அலுவலும் விசாரணையும்

இந்த மறுவாசிப்பின் பயன் வரலாற்றோடு நிற்பதன்று. இன்றைய அமெரிக்க நகர்மன்ற நிகழ்ச்சி நிரல் இரு பாதிகளாகப் பிரிந்திருக்கிறது. முந்தைய கூட்டக் குறிப்பு, செலவுப் பட்டியல், ஒப்பந்தங்கள் போன்றவை ஒட்டுமொத்த ஒப்புதல் பட்டியலில் சேர்ந்து விவாதமின்றி ஒரே வாக்கில் நிறைவேறும். உறுப்பினர் ஒருவர் கேட்டால் ஒரு பொருளைத் தனியே எடுப்பார்கள். மற்றப் பாதி, முன்னறிவிப்போடு நடக்கும் பொது விசாரணைகள். அங்கே பேசுவோருக்கு நிமிடக் கணக்கு. ஆய்வாளர்கள் இரண்டாம் பாதியில் குடியிருந்து, எத்தனை பேர் பேசினார்கள், முடிவு மாறியதா என்று அளந்து, விசாரணை வெறும் சடங்கு என்று வருந்துகிறார்கள்.

என் வாசிப்பின்படி, பார்க்க வேண்டிய இடம் தீர்மான வரைவின் முகவுரை. கூட்டத்துக்கு முன்பே அலுவலர்கள் எழுதி வைக்கும் அந்தப் பத்திகளில்தான் எவர் எதை ஆட்சேபித்தார் என்பது முடிவாகிறது. பேசியவர்களின் சொற்கள் அங்கே எந்தப் பெயரில் சேர்கின்றன, சேர்கின்றனவா என்பதே விசாரணை நடந்ததா என்பதற்கான சோதனை.

ஓரிகன் உச்ச நீதிமன்றம் 1973இல், 32 ஏக்கர் மனையொன்றின் நிலப்பயன்பாட்டு வகைமாற்றம் குறித்த ஃபஸானோ வழக்கில், அத்தகைய முடிவைச் சட்டமியற்றலாக அன்றி நீதிசார் செயலாகக் கருத வேண்டும் என்றது. இதை எண்ணிக்கை வாசிப்பின் வெற்றியாகக் கொள்வோருண்டு. ஆனால் அத்தீர்ப்பு அக்கம்பக்கத்தாரை எண்ணுவதோடு நிற்கவில்லை. பதிவேட்டையும், போதிய காரணங்கள் கொண்ட கண்டறிதல்களையும் கேட்டது.

கலிஃபோர்னியா வேறு வழியில் சென்றது. 1996இல் வாக்காளர்கள் ஏற்ற 218ஆம் முன்மொழிவின்படி, சிறப்பு வரிவிதிப்புக்கு உள்ளாகும் உரிமையாளர்களுக்கு வாக்குச்சீட்டு அஞ்சலில் அனுப்பப்படுகிறது. விசாரணை முடிவில், அவரவர் செலுத்தவேண்டிய தொகையின் விகிதத்தில் எடையிட்டு எதிர்ப்பு எண்ணப்படுகிறது. எதிர்ப்பு மிகுந்தால் வரி இல்லை. இங்கே எண்ணிக்கை மையத்துக்கு வந்துவிட்டதே என்று கேட்கலாம். உன்னித்துப் பார்த்தால், ஆட்சேபணையை விவரிக்கும் வாய்ப்பே மன்றத்திடமிருந்து பறிக்கப்பட்டுள்ளது. எதிர்ப்பின் காரணத்தை எவரும் எழுத வேண்டியதில்லை, எண்ணினால் போதும். டென்வர் மன்றம் செய்ததைத் தடுக்க இரு வழிகள் உண்டு: ஆட்சேபித்தவரைப் பேசவிடுவது, அல்லது அவர் சீட்டை எண்ணிவிடுவது. லண்டனர் தீர்ப்பு முதல் வழியைத் தேர்ந்தது, கலிஃபோர்னியா இரண்டாவதை. மன்றத்தின் பேனாவை நம்ப இரண்டுமே மறுத்தன.

நகர்மன்ற விசாரணையை ஆய்பவர்கள் பேச்சாளர்களை எண்ணுவதற்கு முன் தீர்மான வரைவின் முகவுரையை வாசிக்க வேண்டும். எழுத்தில் வந்த ஆட்சேபணையையும் அதைப் பற்றி மன்றம் எழுதிய வாக்கியத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். அவை இரண்டும் ஒத்துப்போகாத கூட்டத்தில், எத்தனை பேர் பேசியிருந்தாலும், விசாரணை நடக்கவில்லை.