செக்கும் துடைப்பமும்: திரை காட்டாத சிறை

கோவை மத்தியச் சிறை என்றதும் நம் நினைவுக்கு வருவது ஒரு செக்கு. 1908 முதல் 1910 வரை அங்கே அடைக்கப்பட்டிருந்த வ.உ.சிதம்பரனார் மாட்டுக்குப் பதிலாக அந்தச் செக்கை இழுத்தார். 1961இல் வெளிவந்த 'கப்பலோட்டிய தமிழன்' அந்தக் கொடுமையைச் சிவாஜி கணேசனின் நடிப்பில் தமிழ்நாட்டின் பொது நினைவாக்கியது. அவர் இழுத்த செக்கு இன்று நினைவுச் சின்னமாகக் காக்கப்படுகிறது.

அது காக்கப்பட வேண்டியதே. ஆனால் அதே ஆட்சியின் சிறைகளில் மலத்தொட்டிகளைச் சுமந்தவர்கள் யார்? அவர்களுடைய துடைப்பத்துக்கு நினைவுச் சின்னமும் இல்லை, திரைப்படமும் இல்லை. வழக்கறிஞர் ஒருவரைச் செக்கில் பூட்டியது இழிவு என்பது எல்லோருக்கும் புரிந்தது. மலம் அள்ளுவதோ சில சாதிகளுக்குப் பழகிப்போன வேலை என்று சிறை விதிகளே எழுதி வைத்திருந்தன. திரையில் காணும் சிறைக்கும் உண்மைச் சிறைக்கும் உள்ள தொலைவை நாம் இங்கிருந்தே அளக்க வேண்டியிருக்கிறது.

கலவரமும் காத்திருப்பும்

'மகாநதி' (1994), 'விருமாண்டி' (2004), 'வட சென்னை' (2018), 'சொர்க்கவாசல்' (2024) எனத் தமிழ்த் திரையின் சிறைப் படங்களை வரிசைப்படுத்தினால் பொதுவான சில கூறுகள் தெரியும்: கொடிய அதிகாரி, கும்பல் மோதல், கலவரம், அவற்றினிடையே நிமிர்ந்து நிற்கும் நாயகன். இவை வெறும் கற்பனை அல்ல. 'சொர்க்கவாசல்' படத்தின் பின்னணியான 1999 சென்னை மத்தியச் சிறைக் கலவரம் உண்மையில் நடந்தது.

ஆனால் கலவரம் ஒரு நாள் நிகழ்வு. மற்ற நாட்களில் சிறை என்பது காத்திருப்பு. காலையில் கதவு திறந்ததும் தலை எண்ணுவார்கள். பிறகு தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் உணவுக்கும் வரிசை. இருட்டுவதற்கு முன் மீண்டும் அடைப்பு. வீட்டிலிருந்து 'மனு' பார்க்க யாராவது வருவார்களா, அடுத்த வாய்தா எப்போது என்பவையே அன்றாடக் கேள்விகள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அவர்களில் 4,34,302 பேர், அதாவது 75.8 விழுக்காட்டினர், விசாரணைக் கைதிகள். குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படாதவர்களே சிறையை நிரப்பியிருக்கிறார்கள். சிறைவாசிகளில் பட்டியல் சாதியினரின் பங்கு, மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள 16.6 விழுக்காட்டைத் (2011) தாண்டியே நிற்கிறது.

திரையில் ஜாமீன் ஒரே காட்சியில் முடிந்துவிடும். நடைமுறையில் ஜாமீன் உத்தரவு வந்த பின்னும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளேயே இருப்பவர்கள் உண்டு. 1978இல் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கில் 10,000 ரூபாய் பிணை கேட்டதையும், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அவருடைய சகோதரரின் பிணையை மறுத்ததையும் நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்தார். கொங்கு மண்டலத்தில் இந்தச் சிக்கலுக்குச் சாதி முகம் உண்டு. நிலமும் வீட்டுப் பட்டாவும் இல்லாத அருந்ததியர் குடும்பமோ, வெளிமாவட்டத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த தொழிலாளியோ, சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார்? பெரும்பாலும் தன் முதலாளியிடமோ, ஊரின் ஆதிக்கச் சாதி நிலவுடைமையாளரிடமோதான் போக வேண்டும்.

கொட்டடி வேறு, சிறை வேறு

கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மு.சந்திரகுமார் 1983இல் குண்டூரில் தாம் பட்ட துயரை 'லாக்கப்' என்ற நூலாக எழுதினார். அதைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய 'விசாரணை' தேசிய விருது பெற்றது. காவல் நிலையச் சித்திரவதையை அத்தனை நேர்மையாகக் காட்டிய படங்கள் குறைவு. என்றாலும் அது காட்டுவது காவல்துறையின் கொட்டடியையே. சிறை வாழ்க்கை அதன் மையத்தில் இல்லை. இவ்விரண்டையும் பிரித்தறிவது களத்தில் பணியாற்றுவோருக்கு அவசியம். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். அதன்பின் நீதிமன்றக் காவல் என்றால் பொறுப்பு சிறைத்துறையுடையது. கேள்விகளையும் அங்கேதான் எழுப்ப வேண்டும்.

சிறையில் சாதி செயல்படும் விதத்தைத் தொட்ட அரிய காட்சி 'ஜெய் பீம்' (2021) படத்தின் தொடக்கம். சிறை வாசலில் விடுதலையாகி வருவோரிடம் சாதி கேட்கப்படுகிறது. ஆதிக்கச் சாதியினர் வீட்டுக்குப் போகிறார்கள். ஒடுக்கப்பட்டோர் புதிய பொய் வழக்குகளுக்காகக் காவலர்களிடம் ஒப்படைக்கப்படுகிறார்கள்.

விதிகளில் இருந்த சாதி

வாசலில் கேட்கப்படும் சாதி உள்ளே வேலையையும் தீர்மானித்தது. இதழாளர் சுகன்யா சாந்தா 2020இல் எழுதிய புலனாய்வுக் கட்டுரையும், பின்னர் அவர் தொடுத்த வழக்கும் அதை வெளிக்கொணர்ந்தன. 2024 அக்டோபர் 3 அன்று தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு, பல மாநிலச் சிறை விதிகளில் இருந்த சாதிப் பிரிவுகளை அரசமைப்புக்கு முரணானவை என்று அறிவித்தது. சமையலுக்கு 'உயர்' சாதியினர், துப்புரவுக்குக் குறிப்பிட்ட சாதியினர் என்று பிரித்த விதிகளும், அத்தொழில் பழகிய சமூகத்தவரிடம் இழிவான வேலையை வாங்கலாம் என்ற விதியும் அவற்றில் அடங்கும். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் உறுப்பும், கட்டாய உழைப்பைத் தடை செய்யும் 23ஆம் உறுப்பும் சிறைச் சுவருக்குள்ளும் செல்லும் என்பதே தீர்ப்பின் சாரம்.

தமிழ்நாடும் அந்தத் தீர்ப்பில் இடம்பெறுகிறது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து அடைப்பது, மோதலைத் தவிர்க்கும் ஏற்பாடு என்று நியாயப்படுத்தப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றிருந்தது. உச்ச நீதிமன்றம் அந்த நியாயத்தை நிராகரித்தது. ஒழுங்கைக் காப்பது நிர்வாகத்தின் கடமை. அதற்குச் சாதிப் பிரிவினை வழியாகாது.

நாம் கேட்க வேண்டியவை

தீர்ப்பு மூன்று மாதங்களில் விதிகளைத் திருத்தச் சொன்னது. கைதிகளின் பதிவேடுகளில் சாதிக்கான பத்தியை நீக்கவும் ஆணையிட்டது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் சிறைப் பார்வையாளர் குழுவும் ஆய்வு செய்யும் பொறுப்பை ஏற்றுள்ளன. ஆகவே கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் மாவட்டங்களின் சிறைகளைக் குறித்து நாம் கேட்க வேண்டியவை தெளிவாக உள்ளன. பத்தி நீக்கப்பட்டதா? ஆய்வு எப்போது நடந்தது? கழிப்பறைகளைத் தூய்மை செய்பவர் யார், அவரைத் தேர்ந்தெடுத்தது எந்த அடிப்படையில்? கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் சிறைக்கும் பொருந்தும் என்று நீதிமன்றம் கூறியிருக்கிறது. அது நடைமுறையில் உள்ளதா?

பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர் உச்சத் தண்டனையின் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் பிணையில் விடச் சொல்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்கள் இதில் சேரா, வேறு வழக்குகள் நிலுவையில் இருப்பவருக்கும் இது கிடைக்காது. பிணைத் தொகை கட்ட இயலாத ஏழைகளுக்கு உதவும் ஒன்றிய அரசின் திட்டம் 2023இலிருந்து உள்ளது. இவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுக்களாலும் சட்ட உதவி முகாம்களாலும் ஒவ்வொரு விசாரணைக் கைதியின் குடும்பத்திடமும் கொண்டுசேர்க்க மாணவர்களால் முடியும். கோவை நஞ்சப்பா சாலையில் அந்த நீண்ட மதிலைக் கடந்து செல்லும்போது செக்கை நினைப்போம். ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளே காத்திருப்பவரின் வழக்கு எண்ணையும் கேட்டறிவோம்.