ஆதிச்சநல்லூர்க் கிண்ணமும் ஆறும் வேகமும்

குவாசிகிரிஸ்டல் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோது பாளையங்கோட்டை அண்ணாச்சி ஒருவர் குறுக்கிட்டார். "தம்பி, ஆதிச்சநல்லூர்க்காரங்க அதையும் செஞ்சிருப்பாங்கல்லா?" இல்லை அண்ணாச்சி. ஆனால் கேள்வி வீண் இல்லை.

தாமிரபரணியின் தென்கரையில், திருச்செந்தூர் சாலையை ஒட்டிய அந்தப் பறம்பை 1876இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டினார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தாழிகளோடு வெண்கலக் கிண்ணங்களும் கிடைத்தன. அவற்றில் சிலவற்றில் வெள்ளீயம் ஏறக்குறைய 23 சதவீதம் இருப்பது பின்னாளில் தெரிந்தது. சாரதா ஸ்ரீனிவாசன் இவற்றை விரிவாக ஆராய்ந்தவர்.

இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலத்தைச் சும்மா ஆறவிட்டால், 520 டிகிரி வாக்கில் 'டெல்டா' என்ற கட்டம் உருவாகும். தட்டினால் நொறுங்கிவிடும். அதனால் பழுக்கக் காய்ச்சி, சூட்டோடு அடித்து மெல்லிசாக்கி, சட்டென்று தண்ணியில முக்கணும். அப்போது சூட்டில் இருந்த 'பீட்டா' அமைப்பு டெல்டாவாகப் பிரிய நேரம் கிடைக்காது. அரிவாளை முக்கினால் இரும்பு விறைத்துக்கொள்ளும். இங்கே முக்கினால்தான் நொறுங்காமல் தப்பிக்கும்.

இப்போது அலுமினியத்துக்கு வருவோம். 1982 ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவில் டான் ஷெக்ட்மன் பார்த்த அலுமினியம்–மாங்கனீசு கலவையும் நேரம் கொடுக்காமல் ஆறவைத்ததுதான். உருகிய உலோகத்தைச் சுழலும் சக்கரத்தில் பீய்ச்சினால் நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி அளவில் ஆறும். அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கும், ஆனால் ஒரே கட்டம் திரும்பத் திரும்ப வராது. அதுதான் குவாசிகிரிஸ்டல். மெல்ல ஆறினால் சாதாரணப் படிகமாகிவிடும். 1985இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சட்டோபாத்யாய், ரங்கநாதன் குழுவினர் இதே கலவையில் பத்துமடிச் சமச்சீர் கொண்ட வகையைக் கண்டார்கள்.

வேகம் மட்டும் போதுமா? 1987இல் ஜப்பானில் சாய் குழுவினர் அலுமினியம் 65, செம்பு 20, இரும்பு 15 என்ற அணு விகிதத்தைப் பிடித்தார்கள். அது நிதானமாக ஆறினாலும் குவாசிகிரிஸ்டலாகவே நிற்கும். பொருத்தமான கலவை அமைந்தால் அவசரம் தேவையில்லை.

அதே ரங்கநாதன் பிற்பாடு சாரதா ஸ்ரீனிவாசனோடு சேர்ந்து ஊட்ஸ் உருக்கைப் பற்றிப் புத்தகம் எழுதினார். எனக்கு இது தற்செயலாகப் படவில்லை. இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: என்ன கலந்தாய், எவ்வளவு வேகமாக ஆற்றினாய்?

ஆதிச்சநல்லூர்க் கன்னார் செய்முறையை எழுதி வைக்கவில்லை. கிண்ணத்துக்குள் இருக்கும் பீட்டாதான் சாட்சி. மறுபடி நன்றாகச் சூடாக்கினால் அந்தச் சாட்சியும் கலைந்துவிடும். இல்லாத பெருமையைச் சேர்ப்பதைவிட, இருப்பதை நெருப்பிலிருந்து காப்பாற்றலாம், அண்ணாச்சி.