ஆஸ்பிரின் தூண்டும் சுவாச நோய்

ஆஸ்துமா, மூக்கினுள் திரும்பத் திரும்ப வளரும் சதை, ஆஸ்பிரின் வகை வலிநிவாரணிகளால் வரும் மூச்சுத்திணறல் ஆகிய மூன்றும் ஒருவரிடமே அமையும் நாட்பட்ட நோய். 'சாம்டர் முக்கூட்டு' என்றும் வழங்கும். பெரும்பாலும் 30 வயதுக்கு மேல் தொடங்குகிறது. ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினருக்கு இது உண்டு. மாத்திரை விழுங்கிய அரை மணி முதல் மூன்று மணி நேரத்துக்குள் மூக்கு அடைத்து நீர் வடியும், கண் சிவக்கும், நெஞ்சு இறுகி இழைப்பு எடுக்கும். பலருக்கு வாசனையே தெரியாமல் போய்விடுகிறது.

வரலாறு: பேயர் நிறுவனம் 1899-இல் ஆஸ்பிரினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1922-இல் பாரிசில் ஃபெர்னான் விடால், பியேர் அப்ராமி, ஜாக் லெர்மோயே ஆகியோர் மூன்று குறிகளையும் ஒரே நோயாக இனங்கண்டனர். நோயாளியான ஒரு பெண்ணுக்கு ஆஸ்பிரினைச் சிறுகச் சிறுகக் கொடுத்து, உடல் அதைத் தாங்கும்படியும் பழக்கினர். அக்கட்டுரை நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1968-இல் சிகாகோவின் மாக்ஸ் சாம்டரும் ரோலண்ட் பீர்ஸும் எழுதிய பிறகே நோய் பரவலாக அறியப்பட்டது. பெயரும் சாம்டருக்கே போயிற்று.

காரணம்: புராஸ்டாகிளாண்டின் என்னும் உடல் வேதிப்பொருளின் உற்பத்தியை ஆஸ்பிரின் தடுக்கிறது என ஜான் வேன் 1971-இல் நிறுவினார். அந்த உற்பத்திக்கான நொதியை முடக்கும் மருந்துகளே இழைப்பையும் வரவழைக்கின்றன என்று 1975-இல் போலந்தின் ஆந்திரே ஷ்செக்லிக் காட்டினார். புராஸ்டாகிளாண்டின் குறைந்ததும், அதுவரை அடங்கியிருந்த லூக்கோட்ரையீன்கள் என்னும் வேதிப்பொருள்கள் பெருகி மூச்சுக்குழலைச் சுருக்குகின்றன. இது வழக்கமான ஒவ்வாமை அன்று. எனவே தோல் பரிசோதனையில் தெரியாது. ஐயம் இருந்தால் மருத்துவமனையில் கண்காணிப்புடன் ஆஸ்பிரின் கொடுத்துத்தான் உறுதிசெய்வர்.

சிகிச்சை: இன்ஹேலர், மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்து, லூக்கோட்ரையீனைத் தடுக்கும் மான்டெலுகாஸ்ட் ஆகியவை அடிப்படை. அறுவையில் சதையை அகற்றினாலும் அது மீண்டும் வளர்வதுண்டு. விடால் குழு தொட்ட வழியை 1980 முதல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் மருத்துவமனை மருத்துவர்கள் முறைப்படுத்தினர். சில பத்து மில்லிகிராமில் தொடங்கி, ஓரிரு நாட்களில் 325 மில்லிகிராம் வரை ஏற்றி, பின்னர் நாள்தோறும் தொடர்வது அம்முறை. சில நாள் நிறுத்தினாலும் தாங்குதிறன் போய்விடும். வீட்டில் செய்து பார்ப்பது உயிருக்கே ஆபத்து. சதை வளர்ச்சியை அடக்க டுபிலுமாப் ஊசியும் 2019 முதல் பயன்படுகிறது.

இந்நோயாளிகள் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். 500 மில்லிகிராம் பாரசிட்டமால் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் பாரசிட்டமாலுடன் ஐபுபுரோஃபென் கலந்த மாத்திரைகளும் கடைகளில் உள்ளதால், அட்டையில் அச்சிட்ட மருந்துப் பெயர் முழுவதையும் படித்த பின்பே வாங்க வேண்டும்.