ஆனைகட்டியின் இருபுறத்துக் கணினிகள்

கோவையினின்றும் தடாகம், மாங்கரை வழியாக மேற்கே மலையேறும் சாலை, ஆனைகட்டியை அடைந்ததும் வேறொரு மாநிலத்துள் நுழைகின்றது. சோதனைச் சாவடிக்கு இப்பால் கோவை மாவட்டம். அப்பால் பாலக்காட்டு மாவட்டத்தின் அட்டப்பாடி. 1956 நவம்பர் 1-ஆம் நாள்வரை இரு பக்கமும் சென்னை மாநிலமாகவே இருந்தன. அட்டப்பாடி அன்று மலபார் மாவட்டத்தைச் சார்ந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இழுத்த கோடு, பள்ளிப் பாடங்களைப் பிரித்ததை யாவரும் அறிவர். அரை நூற்றாண்டு கழித்து அதே கோடு கணினியின் இயங்குதளத்தையும் பிரித்த வரலாறு அத்துணை அறியப்பட்டதன்று. நம் சங்கத்தாருள் பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறங்களினின்றும் வந்தோர் பலர். விடுமுறையில் ஊர் செல்லுங்கால் தம்பி தங்கையர்க்கும் மக்களுக்கும் கணினி வாங்கித் தருபவர் நாமே. ஆதலின் எந்தப் பதிப்பைத் தேர்வது என்னும் வினா நமக்கும் உரியது.

தமிழர் வீடுகளில் இவ்வினா முதன்முதலில் எழுந்தபோது விலையைவிட எழுத்தே பெரிதாக நின்றது. ஒருங்குறியில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது; ஆயினும் அதனைத் திரையில் செவ்வனே காட்டும் இயங்குதளம் வீட்டிற்கு வந்து சேரவில்லை. இதற்கிடையே தஸ்கி, டாப், டாம் என எழுத்துருக் குறியீடுகள் பெருகின. ஒருவர் எழுதிய மடல் மற்றவர்க்குப் புரியாக் குறிகளாய்த் தோன்றியதை நம்முள் மூத்தோர் மறந்திரார். 2000-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது ஒரு வேடிக்கை. பிப்ரவரியில் அலுவலகங்களுக்கென வெளிவந்த விண்டோஸ் 2000, லதா என்னும் எழுத்துருவுடன் தமிழை அறிந்திருந்தது. செப்டம்பரில் வீடுகளுக்கென வெளிவந்த விண்டோஸ் மில்லேனியம் பதிப்போ பழைய 98-இன் வழியில் வந்தது. தமிழுக்கு உரிய அடிப்படை அதில் இல்லை. பின்னது வந்த பதிப்பு, இல்லத்திற்கென்றே செய்த பதிப்பு, நம் மொழியை அறியாதிருந்தது! 2001 அக்டோபரில் எக்ஸ்பி வந்த பிறகே இரு கிளைகளும் ஒன்றாயின. அதிலும் சிக்கலான எழுத்துகளுக்கான கோப்புகளைத் தனியே நிறுவுதல் வேண்டும். இவ்வளவு தொல்லையும் நீங்கியது 2007-இல் வீடுகளுக்கு வந்த விஸ்டாவிலேதான். ஏனைய குறைகளுக்காக அப்பதிப்பைப் பலரும் பழித்தனர்; தமிழர் சற்றே நன்றியும் சொல்லியிருக்கலாம்.

ஆனைகட்டிக்கு அப்பால் கதை வேறு திசையில் சென்றது. கேரள அரசு பள்ளிகளுக்கான கணினிக் கல்வித் திட்டத்தை 2001-இல் தொடங்கியது. அதே ஆண்டு சூலை 20-ஆம் நாள் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தோன்றியது. முதற்கண் பாடத்தில் விண்டோஸே இடம்பெற்றது. ஒரே நிறுவனத்தின் சரக்கைப் பிள்ளைகளுக்குப் பாடமாக்குவது முறையோ என ஆசிரியர் அமைப்புகள் வினவின. சிலகாலம் இரண்டும் இருந்து, அப்பத்தாண்டு முடியுமுன்னரே பள்ளிகள் முழுவதும் லினக்ஸுக்கு மாறின. அத்திட்டம் 2017-இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாயிற்று. 2019-இல், உபுண்டு 18.04-ஐ அடியாகக் கொண்ட தன் பதிப்பை இரண்டு இலட்சம் கணினிகளில் நிறுவுவதாகவும், உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிஞ்சுமென்றும் அது அறிவித்தது. கணினி ஒன்றுக்கு ஒன்றரை இலட்சம் எனக் கொண்ட கணக்கு அது. அவ்வளவு விலை கொடுத்துப் பள்ளிக்கு மென்பொருள் வாங்குவார் உண்டோ என்பது நம் ஐயம். ஆயினும் மாணவர் கற்ற அதே தளத்தைக் கட்டணமின்றி வீட்டிற்கும் கொண்டுசெல்லலாம் என்பது ஐயத்திற்கு இடமில்லாத ஆதாயம். கேரளப் பாடநூல்கள் தமிழ்வழி மாணவர்க்குத் தமிழிலும் அச்சாவதால், தேவிகுளத்துத் தோட்டத் தொழிலாளியின் மகள் லினக்ஸைத் தமிழிலேயே பயில இயல்கின்றது.

இப்பால் தமிழ்நாட்டிலும் அம்முயற்சி இல்லாமற் போகவில்லை. எல்காட் நிறுவனத்தின் தலைமையில் உமாசங்கர் இருந்த காலத்தில், 2006, 2007-ஐ ஒட்டி, அரசுக் கணினிகள் சூசே லினக்ஸை நோக்கித் திரும்பின. 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் வழங்கியவற்றில் விண்டோஸும், சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒருங்கே இருந்தன. ஒரு பெட்டியில் இரு கதவு. கடைக்காரரும் பழுதுபார்ப்போரும் அறிந்தது விண்டோஸ் ஒன்றே. ஆதலின் மற்றக் கதவு பெரும்பாலும் திறவாதே கிடந்தது. 2014 ஏப்ரல் 8-ஆம் நாள் எக்ஸ்பிக்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றபோது, அரசு அலுவலகங்கள் பாஸ் லினக்ஸுக்கு மாறுமாறு தமிழக அரசு பணித்தது.

ஆனைகட்டியின் இக்கட்டு இதுவே: அப்பாற் பள்ளியிற் கற்பது லினக்ஸ், ஆனால் அண்மையிலுள்ள பெருநகர் கோவை. அங்கு வாங்கும் கணினியில் விண்டோஸே அமர்ந்து வருகின்றது. பள்ளியிற் பழகிய கை வீட்டில் தடுமாறுகின்றது.

இப்போது இவ்வினா மீண்டும் வாயிலில் வந்து நிற்கின்றது. விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தன. அதற்கு அடுத்த பதிப்பான 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இல்லாத பொறிகளை ஏற்பதில்லை. 2017-க்கு முந்திய கணினிகள் பெரும்பாலும் இதில் அடிபடும். நாம் முன்னர் ஊருக்கு எடுத்துச் சென்றவற்றுட் பல அவ்வகையினவே. அவற்றை எறியவேண்டியதில்லை. வீட்டில் கேரளப் பாடம் படிக்கும் பிள்ளை இருப்பின், கைட் வழங்கும் பதிப்பையே நிறுவித் தருதல் நன்று என்பது நம் கருத்து. உபுண்டுவின் இரட்டைப்படை ஆண்டு ஏப்ரல் பதிப்புகள் ஐயாண்டுத் திருத்தம் பெறுவன, 22.04-க்கு அது 2027 ஏப்ரல்வரை உண்டு. கணக்கெழுதும் மென்பொருள் முதலியவற்றுக்கு விண்டோஸ் இன்றியமையாத வீடாயின், புதுக் கணினியே வழி. எதனைத் தேர்ந்தாலும், கடையை விட்டுப் புறப்படுமுன் தமிழ்99 விசைப்பலகையை இயக்கி ஒரு வரி எழுதிப் பார்த்துக்கொள்க.