பிள்ளைகளுக்கு மலையைத் தமிழில் சொல்லிக் கொடுப்போம்

ஜேர்மனியில் வளரும் எமது பிள்ளைகள் மலையைப் பற்றிப் பாடசாலையில் டொச் மொழியில் படிக்கிறார்கள். 'கிளெட்சர்' என்றால் என்னவென்று விளக்கத் தெரிந்த பிள்ளைக்குப் 'பனியாறு' என்ற சொல் தெரிவதில்லை. பெற்றோரான எம்மில் பலரும் மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள். ஆனாலும் மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி என்று தனித்திணை வகுத்த மொழி எம்முடையது. வீட்டில் அந்த மொழியிலேயே இந்தப் பாடத்தைத் தொடரலாம்.

முதலில் ஆறு. கொலோன், டுசில்டோர்ப் நகரங்களைக் கடந்து ஓடும் ரைன் நதி, சுவிற்சர்லாந்தின் அல்ப்ஸ் மலையில் பிறக்கிறது. அங்கே உருகும் பனியும் கோடையில் அதற்கு நீர் தருகிறது. 2018இலும் 2022இலும் ரைன் வற்றியபோது சரக்குக் கப்பல்கள் பாரத்தைக் குறைத்தே ஓடின. இலங்கையில் மகாவலி மலைநாட்டில் பிறந்து, 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. இரண்டு ஆறுகளையும் பிள்ளைகள் வரைபடத்தில் விரலால் தொடர்ந்து பார்க்கட்டும். சமவெளியில் வாழ்பவருக்கும் மலை தேவை என்பது விளங்கும்.

அடுத்தது உயரம். 100 மீற்றர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 0.6 பாகை குறையும். வெப்பமானி ஒன்றைக் கொண்டு போனால் பிள்ளைகளே அளந்து பார்ப்பார்கள். ஹார்ஸ் மலையிலுள்ள புறொக்கனின் உயரம் 1,141 மீற்றர்தான். ஆனால் அதன் உச்சியில் மரங்கள் வளர்வதில்லை. சுமார் 1,870 மீற்றர் உயரமான நுவரெலியாவிலோ மரமும் தேயிலையும் செழிக்கின்றன. ஏன் என்று கேளுங்கள். பூமத்திய ரேகையிலிருந்துள்ள தூரமும் கடுங்காற்றும்தான் விடை.

மூன்றாவது பனியாறு. தன் பாரத்தால் மெல்ல நகரும் பனிக்கட்டியே பனியாறு. ஜேர்மனியின் மிக உயர்ந்த மலையான சுக்ஸ்பிற்ச (2,962 மீற்றர்) மீதிருந்த தெற்கு சினேபெர்னர், பனி மிகவும் மெலிந்துபோனதால் இனிப் பனியாறு அல்ல என்று பவேரிய அறிவியல் கழகம் 2022இல் அறிவித்தது. நாட்டில் எஞ்சியவை நான்கு. காலநிலை மாற்றத்தைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட அருகிலுள்ள சான்று இல்லை.

கடைசியாக மனிதர். பிரித்தானியர் 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கொண்டுவந்த தொழிலாளரே இலங்கையின் மலைச்சரிவுகளைக் கோப்பி, தேயிலைத் தோட்டங்களாக்கினார்கள். அவர்களுடைய வழிவந்த மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. விசாவுக்காகக் காத்திருந்த அனுபவமுள்ள வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு இதன் வலி எளிதில் புரியும். தேநீர் ஊற்றும்போதே இதைச் சொல்லலாம்.

அடுத்த விடுமுறையில் மலைக்குப் போகும்போது உச்சி, சரிவு, பள்ளத்தாக்கு, கணவாய், ஊற்று, அருவி, பனியாறு ஆகிய ஏழு சொற்களையும் உடன் கொண்டு செல்வோம். எதிரே தெரிவதைக் காட்டிச் சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.