வயலுக்கு யார் காவல்? கேரள ஊராட்சிகளும் நெல்நிலப் பாதுகாப்பும், 1967–2018

கேரளத்தில் நெல் பயிரான பரப்பு 1974-75இல் ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்தது. 2007-08இல் அது 2.3 லட்சம் ஹெக்டேருக்குச் சுருங்கிவிட்டது. அதன்பின் சற்றே ஏறியும் இறங்கியும் 2 லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. மூன்று பத்தாண்டுகள் நிற்காமல் நடந்த சரிவு இப்படி ஓரளவு நின்றதற்கு, 2008ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தையே பலரும் காரணமாகச் சொல்கிறார்கள். காலவரிசையை மட்டும் பார்த்தால் அது பொருத்தமாகத் தெரியும். ஆனால் வயலை வேறு பயனுக்கு மாற்றக்கூடாது என்ற தடை கேரளத்தில் 1967 முதலே இருந்தது. அந்தத் தடை நடப்பில் இருந்த காலத்தில்தான் வயல்களில் பெரும்பகுதி போயிற்று. ஆகவே தடை இருந்ததா இல்லையா என்று கேட்பது போதாது. அதைச் செயல்படுத்தும் பொறுப்பு யாரிடம் இருந்தது, அந்தப் பொறுப்பாளருக்கு வயலில் பயிர் ஏற்றும் வலிமையும் இருந்ததா என்பதையே கேட்க வேண்டும். தடுக்கும் அதிகாரமும் பயிரிட வைக்கும் திறனும் ஊராட்சி என்ற ஒரே இடத்தில் சேர்ந்த அளவுக்குத்தான் வயல் தப்பியது. அவை பிரிந்த இடங்களில் சட்டம் ஏட்டளவில் நின்றது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

1967ஆம் ஆண்டு ஆணைக்குப் பின்னால் பசியின் வரலாறு ஒன்று உண்டு. திருவிதாங்கூர் சமஸ்தானம் தன் அரிசித் தேவையில் பெரும்பகுதிக்கு பர்மாவை நம்பியிருந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அந்த வழி அடைபட்டது. சேர்த்தலைப் பகுதியில் மக்கள் பட்டினியால் மடிந்தனர். குட்டநாட்டுக் காயல்களில் வரப்பு எழுப்பி, நீரை இறைத்து, நெல் விதைக்கும் முயற்சிகளுக்கு 1940களில் சமஸ்தானமே துணைநின்றது. நீரை வயலாக்க அரசே பாடுபட்ட அதே மண்ணில் முப்பது ஆண்டுகளுக்குள் வயல் மேட்டுநிலமாகத் தொடங்கியது. 1960களின் நடுவில் நாடெங்கும் உணவுத் தட்டுப்பாடு நிலவியபோது வெளியிலிருந்து வரும் அரிசியை நம்பிய கேரளம் மிகவும் தவித்தது. அந்தச் சூழலில்தான் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின் கீழ் கேரள நிலப் பயன்பாட்டு ஆணை பிறந்தது. உணவுப் பயிர் தொடர்ந்து விளைந்துவந்த நிலத்தை மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றி வேறு பயனுக்கு மாற்றக்கூடாது என்றது அது. ஆணையின் பார்வையில் வயல் என்பது அரிசி வரும் இடம், அவ்வளவே. மழைநீரைத் தாங்கி நிற்பது, கிணறுகளுக்கு ஊற்றாவது போன்ற வயலின் மற்றப் பணிகள் அதில் இடம்பெறவில்லை.

ஆணை ஏன் தோற்றது என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. 1970இல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம் குத்தகையாளரை உரிமையாளராக்கியது. புதிய குத்தகையையும் தடை செய்தது. நீதியின் அடிப்படையில் அது மாபெரும் சாதனை. நெல்லைப் பொறுத்தவரை அதற்கு எதிர்பாராத பக்கவிளைவு ஒன்றும் இருந்தது. சிறு துண்டுகளாகிவிட்ட வயல்களின் உரிமையாளர்களில் பலர் ஆசிரியராகவோ, அரசு ஊழியராகவோ, வளைகுடா நாட்டுத் தொழிலாளியாகவோ ஆனார்கள். தாமே பயிரிட அவர்களுக்கு நேரமில்லை. பயிரிட வருவோரிடம் கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. கூலி உயர்ந்தது, நெல் விலை அதற்கு ஈடாக ஏறவில்லை. தென்னையும் ரப்பரும் குறைந்த ஆளில் கூடுதல் வருவாய் தந்தன. அப்புறம் வளைகுடாப் பணம் வீடாக எழுந்தது. வீட்டுக்குச் செங்கல் வேண்டும், செங்கல்லுக்கு வயல் மண் வேண்டும். இத்தனையையும் தொலைவிலிருக்கும் ஆட்சியர் அலுவலகம் ஒன்று கோப்புகளால் தடுத்துவிடும் என்று எதிர்பார்த்ததே பிழை. வயலில் முதலில் வாழை வைப்பார்கள், இரண்டாம் ஆண்டு தென்னங்கன்று, பிறகு மண். ஆட்சியருக்குச் செய்தி போய்ச் சேரும்போது நிலம் வயலின் தோற்றத்தையே இழந்திருக்கும்.

ஊராட்சி இந்த வரலாற்றுக்குள் நுழைந்தது காவலனாக அல்ல, பயிர்ச் செலவுக்குக் கைகொடுப்பவனாக. 1987இல் ஒவ்வொரு ஊராட்சிக்கும் கிருஷி பவன் என்ற வேளாண் அலுவலகம் ஒன்று என்ற ஏற்பாடு வந்தது. வேளாண் விரிவாக்கம் வட்டார அளவிலேயே நிற்கும் தமிழகத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும். அடுத்து, ஒரே நீர்ப்போக்கில் அமைந்த வயல்களின் உரிமையாளர்களை ஒன்றுசேர்க்கும் பாடசேகரக் குழுக்கள் வலுப்பெற்றன. உழவு, நீர் இறைப்பு, விதைப்பு ஆகியவற்றை ஒரே நாளில் ஒரே ஒழுங்கில் நடத்தினால் செலவு குறையும் என்பது அவற்றின் அடிப்படை. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை அடுத்து 1994இல் கேரள ஊராட்சிச் சட்டம் வந்தது. 1996 ஆகஸ்ட் 17இல் மக்கள் திட்டமிடல் இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளின் கைக்கு வந்தது; அதில் குறிப்பிட்ட பங்கை உற்பத்தித் துறைக்குச் செலவிட வேண்டும் என்ற விதியும் கூடவே வந்தது. ஆலப்புழை மாவட்டத்தின் கஞ்சிக்குழி ஊராட்சி இதற்குச் சற்று முன்பே, தரிசென்று ஒதுக்கப்பட்ட மணல் மண்ணில் வீடுதோறும் காய்கறி என்ற முயற்சியைத் தொடங்கிப் புகழ்பெற்றிருந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் பட்டினிச் சாவுகளைக் கண்ட அதே சேர்த்தலை வட்டாரம் அது.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொண்டாக வேண்டும். ஊராட்சியின் கையில் பணமும் கிருஷி பவனும் பாடசேகரக் குழுவும் சேர்ந்திருந்த 1996க்குப் பிந்தைய பத்தாண்டில்தானே நெல் பரப்பு இன்னும் வேகமாகச் சரிந்தது? அப்படியானால் ஊராட்சியால் பயன் என்ன? கேள்வி நியாயமானது. அந்தக் காலத்து ஊராட்சி நிதி பெரும்பாலும் விதை, உரம், சுண்ணாம்பு மானியமாகச் சிறுசிறு துளிகளாகப் பிரிந்து போனது என்பதும் உண்மை. ஆனால் மானியம் பெற்ற வயலுக்குப் பக்கத்து வயலில் லாரி மண் கொட்டப்படும்போது அதைத் தடுக்க ஊராட்சிக்கு எந்த அதிகாரமும் இல்லை. அது இன்னமும் ஆட்சியரின் வேலையாகவே இருந்தது. நெல்வயலில் ஒருவர் நிலத்தைத் தனியே காத்துக்கொள்ள முடியாது. நடுவில் ஒரு துண்டு மேடானால் நீர் வடியும் வழி மாறி, சுற்றியுள்ள பத்துத் துண்டுகள் பயிருக்கு ஆகாமல் போகும். ஆகவே அந்தப் பத்தாண்டின் தோல்வி, பயிரிட வைக்கும் திறன் மட்டும் தனியே இருந்தால் போதாது என்பதைக் காட்டுகிறது. 1967 ஆணையின் தோல்வி காட்டியது அதன் மறுபாதியை.

இந்த இடைவெளியில் 1997இல் கேரள மாநில விவசாயத் தொழிலாளர் சங்கம் களத்தில் இறங்கியது. வயலை மாற்றி வைக்கப்பட்ட வாழை முதலான பயிர்களை வெட்டிச் சாய்த்த ‘வெட்டிநிரத்தல்’ போராட்டம் அது. முன்னின்றவர் வி.எஸ். அச்சுதானந்தன். கடன் வாங்கி வாழை வைத்த சிறு விவசாயியின் பயிரும் அதில் விழுந்தது; கடுமையான கண்டனமும் எழுந்தது. அது நியாயமான கண்டனமே. போராட்டத்தின் முறையை ஏற்காதவர்கூட அது முன்வைத்த கோரிக்கையை ஒதுக்க முடியாது. வயலில் உரிமையாளருக்கு மட்டுமன்றி, அதில் வேலை செய்தவருக்கும், அதன் நீரைக் குடிக்கும் ஊருக்கும் பங்குண்டு என்பதே அந்தக் கோரிக்கை. பதினோரு ஆண்டுகள் கழித்து அதே அச்சுதானந்தன் முதலமைச்சராக இருந்தபோது அந்தக் கோரிக்கை சட்ட வடிவம் பெற்றது. அரிவாள் செய்ய முயன்றதைக் குழு ஒன்றின் கூட்டக் குறிப்பேட்டுக்கு மாற்றியதுதான் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் உண்மையான புதுமை.

ஒவ்வொரு உள்ளாட்சியிலும் உள்ளூர்க் கண்காணிப்புக் குழு அமைந்தது. ஊராட்சித் தலைவர் அதன் தலைவர், வேளாண் அலுவலர் அமைப்பாளர். கிராம அலுவலரும் மூன்று விவசாயப் பிரதிநிதிகளும் உறுப்பினர்கள். ஊரின் நெல்வயல்களைக் கணக்கெடுத்துத் தரவு வங்கி தயாரிப்பதும், மாற்றம் கோரும் விண்ணப்பங்களை ஆய்ந்து பரிந்துரைப்பதும், தரிசு போட்டவரிடம் தாமே பயிரிடவோ பிறர் வழியாகப் பயிரிடச் செய்யவோ சொல்வதும் அதன் பணிகள். சொந்த வீடு கட்ட ஊராட்சியில் 10 சென்ட், நகரத்தில் 5 சென்ட் வரை விலக்கு உண்டு. அதற்கும் குழுவின் பரிந்துரை வேண்டும். மீறுவோருக்குச் சிறைத் தண்டனையும் விதிக்கப்பட்டது. கவனிக்க வேண்டியது, தடுப்பதும் பயிரிடச் சொல்வதும் ஒரே குழுவின் வேலையானதுதான். கிருஷி பவன், பாடசேகரக் குழு, 1998 முதல் வளர்ந்துவந்த குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் ஆகிய மூன்றும் ஏற்கெனவே அதே ஊரில் இருந்ததால், ‘பயிரிடு’ என்ற சொல்லுக்குப் பின்னால் பயிரிட ஆளும் இருந்தது.

குடும்பஸ்ரீயின் பங்கு இதில் தனியே சொல்லத்தக்கது. நிலமற்ற அல்லது சிறுநிலப் பெண்கள் கூட்டாகச் சேர்ந்து தரிசு வயல்களை எடுத்துப் பயிரிட்டார்கள். குத்தகையைச் சட்டம் தடை செய்துள்ள மாநிலத்தில் எழுத்து ஒப்பந்தம் பெரும்பாலும் நடவாது. நிலத்தைக் கொடுத்தால் திரும்ப வருமா என்ற உரிமையாளரின் அச்சத்தை நீக்கியது ஊராட்சியின் முகம்தான். தலைவரும் வார்டு உறுப்பினரும் நடுவில் நின்று சொன்ன வாக்கு, சட்டம் தர மறுத்த உறுதியைக் கொடுத்தது. மாநிலத் தலைநகரிலிருந்து எந்தத் துறையும் இந்த உறுதியைத் தந்திருக்க முடியாது. அதேவேளை இதன் குறையையும் மறைக்க வேண்டியதில்லை: பெண்கள் சேறடித்துத் திருத்திய தரிசு வயலை, அடுத்த ஆண்டே உரிமையாளர் திரும்பக் கேட்டால் அவர்கள் முறையிடுவதற்கு இடம் எதுவும் இல்லை.

எதிர்வாதங்களில் இரண்டு வலுவானவை. முதலாவது பொருளியலாருடையது. கேரளம் தன் அரிசியில் பெரும்பகுதியை ஆந்திரத்திலிருந்தும் காய்கறியைத் தமிழகம், கர்நாடகத்திலிருந்தும் வாங்குகிறது. ஆதாயம் தராத நெல்லை ஏன் சட்டத்தால் கட்டிக்காக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. நெல்லுக்கும் ரப்பருக்கும் இடையேயான தேர்வாக இருந்தால் இந்த வாதம் நிற்கும். கடந்த முப்பது ஆண்டுகளாகத் தேர்வு நெல்லுக்கும் வீட்டுமனைக்கும் இடையே நடக்கிறது. மனையின் விலையோடு எந்தப் பயிரும் போட்டியிட முடியாது. மனையான நிலம் எந்தச் சந்தை நிலவரம் மாறினாலும் மறுபடி வயலாவதில்லை. மேலும் இரு குன்றுகளுக்கு நடுவே கிடக்கும் வயல், பருவமழை நீர் தங்கும் இடம். 2018 ஆகஸ்டில் 400க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெள்ளத்துக்கு வயல் மறைந்ததே காரணம் என்று சொல்வது மிகைதான். அவ்வளவு மழைக்கு எந்த வயலும் ஈடுகொடுத்திருக்காது. ஆனால் ஆண்டுதோறும் பெய்யும் சாதாரண மழையைத் தாங்குவதும், கோடையில் கிணறுகளில் நீர் நிற்பதும் வயலின் பணிகளே. இந்தப் பணிக்கு விலை கொடுக்காமல் உரிமையாளரை மட்டும் தடுப்பது அநீதி என்ற மனக்குறையிலும் நியாயம் உண்டு. வயலை வயலாகவே வைத்திருக்கும் உரிமையாளருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் உரிமைத்தொகை என்று 2020இல் அரசு தொடங்கியது இதை ஒப்புக்கொண்டதன் அடையாளம். தொகை சிறிது என்பதில் ஐயமில்லை. வழங்கப்படும் காரணம்தான் புதிது.

இரண்டாவது வாதம், உள்ளூர்க் குழுவை நம்பலாமா என்பது. ஊராட்சித் தலைவரும் மனை வணிகரும் ஒரே தேநீர்க்கடையில் அமர்பவர்கள். தரவு வங்கியே பல ஊர்களில் ஆண்டுக்கணக்கில் வெளிவரவில்லை, வந்தவற்றிலும் வயல் விட்டுப்போனது, வீடு வயலாக ஏறியது என்று பிழைகள் மலிந்திருந்தன. கடைசியில் செயற்கைக்கோள் படத்தை வைத்துச் சரிபார்க்க வேண்டியதாயிற்று. இதில் மறுக்க எதுவும் இல்லை. ஆனால் மாற்று என்ன? மேல்மட்டத்தின் கணக்கைப் பார்த்தால் நம்பிக்கை கூடுவதில்லை. ஆரன்முளையில் வயலும் ஓடையும் நிரப்பி விமானநிலையம் கட்டும் திட்டத்துக்கு மேல்மட்ட அனுமதிகள் கிடைத்தன. உள்ளூர் மக்களின் எதிர்ப்பும் 2014இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தீர்ப்புமே அதை நிறுத்தின. 2016இல் அங்கே மறுபடி நெல் விதைக்கப்பட்டது. கண்ணூர் மாவட்டத்தின் கீழாற்றூரில் வயல் வழியே புறவழிச்சாலை அமைப்பதை எதிர்த்து ‘வயல்கிளிகள்’ என்ற பெயரில் திரண்டவர்கள், 1997இல் வயலுக்காக அரிவாள் எடுத்த அதே அச்சுதானந்தனின் கட்சி வலுவாக இருந்த ஊரைச் சேர்ந்தவர்கள். ஊர்க் குழு விடும் பிழை சென்ட் கணக்கில். மாநிலம் விடும் பிழை ஏக்கர் கணக்கில்.

தமிழகத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் துலங்கும். 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் காவிரிப் படுகையில் எண்ணெய், எரிவாயு எடுப்பது போன்ற தொழில்கள் புதிதாக வருவதைத் தடுத்தது. அந்தத் தடை அவசியமானதே. ஆனால் அதன் அதிகார அமைப்புக்குத் தலைவர் முதலமைச்சர். நஞ்சை மனையாவதைத் தடுக்க ஊராட்சிக்கென்று அதில் ஒரு பங்கும் இல்லை. தஞ்சாவூரைச் சுற்றி வயல் குறைவது எரிவாயுக் கிணறுகளால் மட்டுமல்ல, மனைப்பிரிவுகளாலும்தான் என்பதை அவ்வழியே பேருந்தில் போகும் எவரும் அறிவர்.

கேரளத்திலோ 2008 சட்டத்தின் 2018ஆம் ஆண்டுத் திருத்தம், ஊராட்சியில் சேர்ந்திருந்த தடுக்கும் அதிகாரத்தையும் பயிரிட வைக்கும் திறனையும் மறுபடி பிரிக்கத் தொடங்கியது. பொதுத் தேவைக்கான விலக்கில் மாநிலத்தின் கை ஓங்கியது. தரவு வங்கியில் ஏறாத, ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் வயலென்றே இருக்கும் நிலங்களைக் கட்டணம் செலுத்தி மாற்றிக்கொள்ள வழி பிறந்தது, முடிவெடுக்கும் அதிகாரம் கோட்டாட்சியரிடம் சென்றது. 2008க்கு முன்பே மேடாகி வீடும் கட்டி, வரிப் பதிவேட்டில் மட்டும் வயலாக நின்ற நிலங்களின் உரிமையாளர்கள் பட்ட அலைச்சலுக்கு ஒரு தீர்வு தேவைப்பட்டது உண்மையே. ஆனால் திறந்த வாசலில் லட்சக்கணக்கான விண்ணப்பங்கள் குவிந்தன. கோட்டாட்சியர் அலுவலகங்கள் திணறின, கூடுதல் பணியாளர்களை அமர்த்த வேண்டியிருந்தது. ஊராட்சியைத் தாண்டிப் போன அதிகாரம் 1967இல் இருந்த வருவாய்த் துறையின் மேசைக்கே திரும்பிவிட்டது. வசூலாகும் கட்டணம் வேளாண் வளர்ச்சி நிதியில் சேர்ந்து, நெல்வயல்களை மீட்கப் பயன்பட வேண்டும் என்பது ஏற்பாடு. பணம் வருவாய்த் துறையின் கணக்கிலேயே தங்கியிருக்கிறது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. அது உரிய நிதிக்கு வந்து சேர்ந்தாலும், எந்த ஊரின் வயல் மேடானதோ அந்த ஊராட்சிக்கு அதில் தனிப் பங்கு இல்லை. மழைக்காலத்தில் வடிய வழியில்லாமல் நிற்கும் நீரை அப்புறப்படுத்தும் செலவு மட்டும் அதன் வரவுசெலவுத் திட்டத்தில் ஏறுகிறது.